பதினோரு நிமிஷ பூபாளம்

1. ஸ்ரீவராகத்தில் பிறந்த குற்றம்

“சாமி, நீங்க ஸ்ரீவராகமாக்கும்?” என்று முதலாளி கேட்டார்.

“ஆமா முதலாளி.”

“அப்பம் பாட்டுக் காரியத்தை நீங்களே பாத்துக்கிடுங்க. உங்க தெருவிலே பொறந்தவங்களுக்குச் சங்கீதம் சொல்லியா குடுக்கணும்?”

இப்படித்தான் நான் மியூசிக் இன்சார்ஜ் ஆனேன். இன்டர்வியூ அவ்வளவுதான்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் நாலு மாடி ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். முதலாளியின் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குத் துணி மூட்டையோடு வந்தவர். நான் அங்கே பதினாறு வருஷமாக பில்லிங் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் மாடிக்கு மாடி புது ஸ்பீக்கர் வைத்து, பின்பக்க குடோன் கேட் வரைக்கும் வயர் இழுத்து, எல்லாவற்றையும் என் அறைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து சொருகியிருந்தார்கள். அதுவரை ரிசப்ஷனில் ஒரு பென் டிரைவ் முப்பது சினிமாப் பாட்டைச் சுற்றிச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தது.

அந்த இடத்திலேயே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தெருவில் சங்கீதம் தெரியாத ஒரே ஆண்பிள்ளை நான்தான். சின்ன வயசில் பாட்டு வாத்தியார் மூணு மாசம் ஸரளி வரிசையோடு என்னிடம் மல்லுக்கட்டினார். நாலாம் மாசம் அப்பாவிடம் வந்து கைகூப்பி, “இவனைக் கணக்குலே போடுங்கோ, நன்னா வருவன்” என்று சொல்லிவிட்டு மூணு மாசத்து தட்சிணையையும் வாங்காமல் போய்விட்டார். வீட்டில் யாராவது ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். அப்படிப்பட்ட காது.

ஆனால் முதலாளி கேட்ட விதம் இருக்கிறதே, அதில் ஒரு மரியாதை இருந்தது. பதினாறு வருஷமாக என்னிடம் யாரும் “பிரிண்டர் ஏன் சாமி ஓடலை?” என்பதைத் தவிர வேறு கேட்டதில்லை. மார்பு கொஞ்சம் விரிந்துவிட்டது. “ஆகட்டும் முதலாளி, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

2. ட்ராக் பதினேழு

முதல் பிளேலிஸ்ட் மூணு நாள் ஓடியது. நாலாம் நாள் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் பட்டு எடுக்க இரண்டாம் மாடிக்கு வந்தது. பெண்ணின் அம்மா அரக்கு கலர் புடவை ஒன்றை மகள் தோளில் போட்டுப் பார்க்கிற நேரத்தில், ஸ்பீக்கரில் ஒருத்தன் செத்துப்போன பெண்டாட்டியை நினைத்து உருகி உருகிப் பாடுகிறான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையன் வீட்டு அத்தை, “இதென்ன அபசகுனம்!” என்று புடவையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் பின்னால் பதினாலு பேரும் எழுந்தார்கள்.

“சாமி, கல்யாணப் பட்டு எடுக்க வந்தவங்களுக்கு எழவுப் பாட்டா வைக்கது?” என்று முதலாளி என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஃபைல் பேரு ட்ராக் பதினேழுன்னுதான் இருந்தது முதலாளி” என்றேன். அது சத்தியமான உண்மை. நான் ஒரு பாட்டையும் கேட்டுப் பார்க்கவில்லை. ஃபைல் திறக்கிறதா, சத்தம் வருகிறதா, எத்தனை நிமிஷம் என்று பார்த்தேன். பில்லிங்காரன் புத்தி அது.

அன்றைக்கே ஒரு முடிவெடுத்தேன். வார்த்தை இருந்தால்தானே அழுகை? வார்த்தையே வேண்டாம். புல்லாங்குழல், வீணை, வயலின், நாதஸ்வரம், ஜலதரங்கம் என்று வெறும் வாத்தியமாகச் சேர்த்தேன். முதலாளி இரண்டு நாள் கேட்டுவிட்டு, “இது கிளாஸ் சாமி! கடைக்கு ஒரு கௌரவம் வந்துட்டுது” என்றார். நான் தப்பித்த வழி அவருக்கு ரசனையாகத் தெரிந்தது. நான் திருத்தவில்லை.

3. அறுநூற்றறுபது நிமிஷம்

இனி தொழில் விஷயம். கடை காலை ஒன்பதரைக்குத் திறந்து ராத்திரி எட்டரைக்கு மூடும். பதினோரு மணி நேரம், அதாவது அறுநூற்றறுபது நிமிஷம். மற்றவர்கள் ஒரு பிளேலிஸ்ட் போட்டால் நூறு பாட்டைத் தள்ளிவிட்டு ‘ரிப்பீட்’ பட்டனை அமுக்கிவிடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. சாயங்காலம் கடை மூடும்போது ஏதோ ஒரு பாட்டு பாதியில் அறுந்து தொங்கும். ஒரு பில்லை பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி. அதனால் எக்செல் ஷீட் ஒன்று திறந்தேன். முதல் வரிசையில் ஃபைல் பெயர், அடுத்ததில் நீளம், மூணாவதில் அதுவரை ஆன மொத்தம். நூற்றிருபத்தெட்டு ஃபைலை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் நாற்பது நொடி குறைந்தது. நாற்பது நொடிக்கு ஒரு மணியோசை ஃபைல் தேடிப் பிடித்துச் சொருகினேன். மொத்தம் சரியாக அறுநூற்றறுபது நிமிஷம், பூஜ்யம் நொடி. எழுந்து நின்று கைதட்டலாமா என்று இருந்தது. அறையில் நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

ஒவ்வொரு ஃபைலின் முன்னாலும் பின்னாலும் இருந்த வெற்றிடத்தை வெட்டினேன். ஒரு வாத்தியம் முணுமுணுக்க, அடுத்தது காதைப் பிளக்க என்று இல்லாமல் எல்லாவற்றின் சத்த அளவையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். சரியாக ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டரே பிளேயரைத் திறந்து முதல் ஃபைலை ஓட்டும்படி ஷெட்யூல் வைத்தேன். ஞாயிறு, ஓணம், விஷு எதுவானாலும் அதே வரிசை, அதே நிமிஷம்.

ஒருதரம் புது ஹார்ட் டிஸ்க் போட்டபோது பாட்டு ஃபோல்டர் டி டிரைவிலிருந்து ஈ டிரைவுக்குப் போய்விட்டது. பிளேலிஸ்ட் ஃபைலுக்குள் பாட்டு இருக்காது, பாட்டின் விலாசம்தான் இருக்கும். விலாசம் மாறினால் பிளேயர் வெறும் கையோடு திரும்பி வரும். அன்று கடை மத்தியானம் வரைக்கும் ஊமையாக இருந்தது. மாடிக்கு மாடி சேல்ஸ் பெண்கள் ஸ்பீக்கரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு தவித்தார்கள். நாலைந்து பேர் என் அறைக்கே வந்து, “சார், பாட்டு எப்பம் வரும்?” என்று கேட்டார்கள். அடடா, என் இசைக்கு எப்படி ஏங்குகிறார்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டில் போய் மனைவி வசந்தாவிடமும் சொன்னேன்.

4. காக்கை உட்காரப் பனம்பழம்

ஒன்பதரைக்கு முதல் ஃபைலாக நான் வைத்தது பதினோரு நிமிஷம் ஓடுகிற ஒரு வீணை. காரணம் ஒன்றே ஒன்று. ஷட்டர் தூக்கி, விளக்குப் போட்டு, பூஜை முடிய பதினோரு நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் பாட்டு மாறினால் யாருக்கோ தொந்தரவு.

ஒருநாள் காலையில் வேஷ்டி வாங்க வந்த ஒரு பாகவதர் கல்லாப் பக்கம் நின்று தலையாட்டி, “காலம்பற பூபாளம்! யாரு சார் இப்படி வேளை பாத்து ராகம் வெச்சது?” என்று கேட்டுவிட்டார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து வருகிற பெரிய பார்ட்டிகளிடமெல்லாம், “நம்ம சாமி வேளைக்கு ராகம் வெச்சுப் பண்ணினதாக்கும். கேட்டேளா, இந்த ஊர்லே வேற கடையிலே கிடையாது” என்று சொல்ல ஆரம்பித்தார். அதைச் சொல்லும்போது நான் அந்தப் பக்கம் போனால், என்னையும் கைகாட்டுவார். நானும் கண்ணை லேசாக மூடித் திறந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைப்பேன். எங்கள் தெருவில் சங்கீதம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

வசந்தா எட்டு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். ஓணத்துக்குப் புடவை எடுக்கக் கடைக்கு வந்தவள், பாதியில் புடவையை விட்டுவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள்.

“ஏன்னா, மத்தியானம் மூணு மணிக்கு நீலாம்பரியா? ஜவுளிக்கடையா, தொட்டிலா இது?”

“எது நீலாம்பரி?”

“இப்போ புல்லாங்குழல்லே வாசிக்கறதே, அது! தாலாட்டு ராகம். சாப்பிட்டுட்டு நிக்கற பொண்களுக்கு இதைப் போட்டா அவா நின்னுண்டே தூங்கமாட்டாளோ?”

ஷீட்டைப் பார்த்தேன். மூணு பத்துக்கு ஆரம்பம், நாலு நிமிஷம் நாற்பத்தொரு நொடி. அங்கே அந்த அளவுக்குத்தான் இடம் இருந்தது. “வெளிலே சொல்லிக்காதேங்கோ” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்தக் கடைக்கு நான்.

5. ஷஃபிள்

முதலாளியின் மகன் விவேக் கொச்சியில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன், ஆனால் எதையாவது மாற்றாமல் அவனுக்குச் சோறு இறங்காது. ஒரு புதன்கிழமை என் அறைக்கு வந்தான்.

“அங்கிள், டெய்லி ஒரே ஆர்டர்லே பாட்டு வருது. போரிங். ஷஃபிள் போடுங்க, மாறி மாறி வரட்டும். அது மதி, போதும்.”

“அது வேளைக்கு வெச்சதுப்பா” என்றேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிப்போயிருந்தது.

“கஸ்டமருக்கு ஃப்ரெஷ் ஃபீல் வேணும் அங்கிள். ராகமெல்லாம் இந்தக் காலத்துலே யாரு பாக்கறா?”

எனக்குக் கோபமான கோபம். மூணு வாரம் மண்டையை உடைத்து டாலி பண்ணியதை, பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு அம்புக்குறி போட்ட ஒரு சின்னப் பட்டன் தின்றுவிடுவதா? சரி, பட்டுத் தெரிஞ்சுக்கட்டும் என்று வியாழக்கிழமை காலை அதை அமுக்கினேன். என்ன பட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பன்னிரண்டரைக்கு மேல் கடை ஒரு தினுசாக ஆனது. கீழே சாப்பாட்டு அறையில் இருபது நாற்காலி, நாற்பது பேர். இரண்டு பேட்ச் ஒரே நேரத்தில் இறங்கிவிட்டதாம். குழந்தை ஆடை செக்‌ஷனில் ஆளே இல்லையாம். ஃப்ளோர் சூப்பர்வைசர் ஹரிகுமார் வேர்த்து விறுவிறுத்து மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நான் பில் ரோல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

6. “பாட்டு வந்துது சார்”

வெள்ளிக்கிழமை டீக்கடையில்தான் ஹரிகுமார் விஷயத்தை உடைத்தார். நேமத்துக்காரர், தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்.

“சாமீ, எதுக்காணு பாட்டை மாத்தியது? ஃப்ளோர் முழுக்கக் குழப்பம்.”

“பாட்டுக்கும் ஃப்ளோருக்கும் என்ன?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சாமிக்கு நிஜமாவே அறியாதா? இவிடே எல்லாருக்கும் மணிக்கூண்டு சாமியோட பாட்டல்லே!”

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் கடையில் சுவர்க் கடிகாரம் கிடையாது. நேரம் தெரிந்தால் கஸ்டமர் கிளம்பிவிடுவார் என்பது முதலாளியின் நம்பிக்கை. சேல்ஸ் பெண்கள் காலையில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பட்டு இழையில் மாட்டும் என்று வாட்சும் வளையலும் தடை. ஆகவே வீணை இழுவை ஒன்று வந்தால் பன்னிரண்டு நாற்பது, முதல் சாப்பாட்டு பேட்ச். நாதஸ்வரம் வந்தால் இரண்டாம் பேட்ச். ஜலதரங்கம் டீ. ராத்திரி ஒரு வயலின் வந்தால் புடவைகளை மடிக்க ஆரம்பிக்கலாம், பாறசாலை பஸ்ஸைப் பிடித்துவிடலாம். புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்ணுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். வருஷக்கணக்காக இது நடந்திருக்கிறது. கடையில் இது தெரியாதவர்கள் மூணே பேர்: முதலாளி, அவர் மகன், நான்.

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பெருமை. என் டாலி அவ்வளவு சுத்தம்! ஒரு நொடி பிசகியிருந்தால் இவர்கள் நம்பியிருப்பார்களா? அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் ஹரிகுமார், “இப்போ அந்த சுஜாவோட வேலையாணு போகப் போறது” என்றார்.

சுஜா பட்டு செக்‌ஷன். கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பெண், மணக்காட்டில் வாடகை வீடு. எட்டு மாசக் கைக்குழந்தை. புருஷன் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல். மத்தியானக் கூட்டம் முடிந்து அவனுக்கு ஒரு மணி நேரம்தான் ஓய்வு. அந்த நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்பக்க குடோன் கேட்டுக்கு வருவான். மூணு பத்துக்கு வருவான், மூணரைக்குக் கிளம்பிவிடுவான். சுஜா இறங்கிப்போய் பால் கொடுத்துவிட்டு வருவாள். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஹரிகுமார் கண்டும் காணாமல் இருந்தார். மூணு பத்து என்று அவளுக்குச் சொன்னது அந்த நீலாம்பரிப் புல்லாங்குழல்.

வியாழக்கிழமை புல்லாங்குழல் இரண்டு இருபதுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு பேட்சே குழம்பிப்போன நாள், அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. இறங்கிப் போனாள். புருஷனைக் காணோம். திரும்பிப் போய் மறுபடி வந்தால் இரண்டாவது முறை இறங்கினதாகிவிடும். இப்போது வந்துவிடுவான், இப்போது வந்துவிடுவான் என்று ஐம்பது நிமிஷம் கேட்டிலேயே நின்றுவிட்டாள். மேலே ஒரு கல்யாணப் பார்ட்டி ஆளில்லாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அதை விவேக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூணு பத்துக்கு வந்த பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் மூணரைக்கு மாடிக்கு வந்ததும், “ஒரு மணிக்கூர் நேரம் எங்கே போயிருந்தே?” என்று கேட்டிருக்கிறான்.

“பாட்டு வந்துது சார், அதான் போனேன்” என்று அவள் உள்ளதைச் சொன்னாள்.

அவன் கேலி பண்ணுகிறாள் என்று எடுத்துக்கொண்டான். மெமோ. சனிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை, அதுவரை வேலைக்கு வரவேண்டாம். நாலு வருஷ சர்வீஸ், வீட்டு வாடகையே அவள் சம்பளத்தில்தான் என்று ஹரிகுமார் சொன்னார். என் டீ கையிலேயே ஆறிப்போய்விட்டது.

7. வசந்தா ராகம் சொல்லவில்லை

என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. அந்த எக்செல் ஷீட்டை எடுத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் வைக்க வேண்டும். எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு என்று அதில் நொடி சுத்தமாக இருக்கிறது. அவள் சொன்னது உண்மை என்று காட்ட வேறு ஒன்றுமில்லை.

ஆனால் ஷீட்டில் மூணே வரிசைதான். பெயர், நீளம், மொத்தம். ‘ராகம்’ என்று ஒரு வரிசை கிடையாது, ‘வேளை’ என்று ஒன்றும் கிடையாது. முதலாளி அதைப் பார்த்த அடுத்த நிமிஷம் என் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து வைத்து, “வசந்தா, ஒரு நூத்தி இருபத்தெட்டு பாட்டு போடறேன், ஒவ்வொண்ணும் என்ன ராகம்னு சொல்லு. ஷீட்டிலே ராகத்துக்குன்னு ஒரு வரிசை சேத்துடறேன்” என்றேன்.

“எதுக்கு?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பொண்ணோட வேலை போறது. நீங்கோ உங்க பவிஷுக்கு மெருகு போட்டுண்டிருக்கேளா? உங்க பொய்க்கு நான் ராகம் சொல்லமாட்டேன்.”

“முதலாளி கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?”

“தெரியாதுன்னு சொல்லுங்கோ. நம்மாத்துலே எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?”

அன்று ரசம் எனக்கு உள்ளே இறங்கவில்லை.

8. விசாரணை

முதலாளி அறையில் நாலு பேர். முதலாளி, விவேக், ஹரிகுமார், சுவரோரமாக சுஜா. அழுது முடித்த முகம். நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

“என்ன சாமி, பிரிண்டரா?”

“இல்லை முதலாளி. இந்தப் பொண்ணு சொன்னது சரி. பாட்டு வந்ததுனாலேதான் போனா.”

ஷீட்டை மேஜைமேல் விரித்து, எல்லாவற்றையும் சொன்னேன். நூற்றிருபத்தெட்டு ஃபைல், டாலி, லாக்கர், சாப்பாட்டு பேட்ச், மூணு பத்து. வியாழக்கிழமை ஷஃபிள் பட்டனை அமுக்கினது நான் என்றும் சொன்னேன். விவேக் பெயரைச் சொல்லவில்லை. அவன் முகம் மாறினதைப் பார்த்தேன். அவன் போனில் கேமரா ரெக்கார்டிங்கைத் திறந்து முந்தின வாரத்தைப் பார்த்தான். ஒவ்வொரு நாளும் மூணு பத்து, மூணு பதினொண்ணு, மூணு பத்துக்குக் குடோன் கதவு திறக்கிறது. மூணு இருபத்தேழு, மூணு இருபத்தெட்டுக்குத் திரும்ப மூடுகிறது. “கரெக்டாணு அப்பா” என்றான், சின்னக் குரலில்.

முதலாளி அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. ஷீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி, இதிலே ராகம் எங்க எழுதியிருக்கு?”

“இல்லை முதலாளி.”

“வேளை?”

“அதுவும் இல்லை.”

“அப்பம் காலம்பற அந்தப் பூபாளம்?”

“அது பதினோரு நிமிஷம் முதலாளி. அதான் வெச்சேன்.”

ஹரிகுமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

“எனக்குச் சங்கீதம் தெரியாது முதலாளி. சுத்தமா தெரியாது. நீங்க கேட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லலை” என்றேன். ஆறு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

“இந்த ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேனே வேய்!” என்றார் முதலாளி. அதுவரை ‘சாமி’ என்றே கூப்பிட்டவர் என்னை ‘வேய்’ என்றது அதுதான் முதல் தடவை. பிறகு சுஜா பக்கம் திரும்பினார். “உனக்கு வாயில்லையா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா குடுத்திருப்பீங்களா சார்?” என்றாள் சுஜா. எகத்தாளமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

முதலாளி மெமோவை எடுத்து நாலாகக் கிழித்தார். “மூணு பத்துலேருந்து இருபது நிமிஷம். எழுதிக் குடுத்துட்டுப் போ. ஹரி, மாடிக்கொரு கடிகாரம் வாங்கு” என்றார். பால் கொடுக்கிற தாய்க்குச் சட்டத்திலேயே அப்படி இடைவேளை உண்டு என்று பிறகு யாரோ சொன்னார்கள். அன்று அந்த அறையில் இருந்த ஐந்து பேருக்கும் அது தெரியாது.

கடிகாரங்கள் திங்கட்கிழமையே வந்தன. ஆனால் ரேக்குகளுக்குப் பின்னால் நிற்கிற பாதிப் பேருக்கு அது கண்ணில் படவில்லை. அதனால் பழைய வரிசையையும் திரும்பப் போடச் சொன்னார்கள். போடச் சொன்னவன் விவேக். எனக்குக் கடையில் ‘பதினோரு நிமிஷம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதுதான். முதலாளி ஒரு மாசம் என்னோடு பிரிண்டர் விஷயம் மட்டும் பேசினார்.

9. நன்றி

அந்தத் திங்கட்கிழமையே சுஜா என் அறைக்கு வந்தாள். நான் எதிர்பார்த்திருந்தேன். “பரவாயில்லைம்மா, இது என் கடமை” என்று சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட இரண்டு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

“சார், ரொம்ப நன்றி. ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது.”

“சொல்லும்மா.”

“அந்த மூணு பத்துப் புல்லாங்குழலை மாத்துவீங்களா சார்?”

“ஏன், நேரம் சரிப்படலையா?”

“நேரம் அதே இருக்கட்டும். பாட்டுதான் ஆகாது. கேட்டுக்குப் பக்கத்துலே ஸ்பீக்கர் இருக்குல்லா? அதைக் கேட்டதும் பிள்ளை பாதிப் பால் குடிக்கும்போதே தூங்கிருகான். எழுப்பினாலும் எழும்ப மாட்டேங்கான். அவரு தூக்கிட்டுப் போற வழியிலே முழிச்சுப் பசியிலே கத்துகானாம். தெனமும் இதான் சார் பாடு.”

ஷீட்டில் மூணு பத்து வரியைத் தேடினேன். நூற்றிருபத்தெட்டு ஃபைலில் ஒரே ஒரு ராகம் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அதைப் பட்டினி போடுகிற வேலையாக்கி வைத்தவன் நான்.

“இத்தனை மாசமா ஏம்மா சொல்லலை?”

“யாரும் கேக்கலியே சார். அதுவுமில்லாம நீங்க பெரிய சங்கீதக்காரர்னு சொன்னாங்க. நாங்க போயி என்னத்தச் சொல்லதுக்கு?”

அதற்கு அப்புறம் நான் நாலு மாடியும் ஏறி இறங்கினேன். நோட்டுப் புத்தகத்தோடு. எந்தப் பாட்டு வேண்டாம், எது வேண்டும் என்று நாற்பத்தாறு பேரையும் கேட்டேன். ஐயோ, கொட்டித் தீர்த்தார்கள்! அந்த மணியோசை வந்தால் தலைவலி வரும் என்று பதினொரு பேர். பூபாளத்தைக் கேட்டாலே இன்னும் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டுமே என்று காலில் வலி ஆரம்பிக்கும் என்று ஒரு பெண் சொன்னாள். ஒவ்வொன்றாக மாற்றினேன். எது நல்ல பாட்டு என்று எனக்குத் தெரியாது. அவர்கள் சொன்னதைப் போட்டேன், நீளத்தை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். அத்தனை பாட்டு மாறியும் ஒரு கஸ்டமர்கூட, ஒரே ஒருத்தர்கூட, என்ன புதுசாக இருக்கிறதே என்று கேட்கவில்லை.

கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஹோட்டலுக்கோ பிளேலிஸ்ட் போட உட்காருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கஸ்டமர் அரைமணி நேரம் கேட்டுவிட்டுப் போய்விடுவார். பதினோரு மணி நேரம் கேட்கிறவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள். ஒரு விஷயம் தெரியாது என்றால் முதல் நாளே தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அது உங்கள் மானத்தோடு போகும். தள்ளிப்போட்டால் வேறு யாரோ அதற்குக் கஷ்டப்படுவார்கள்.

சுஜா கேட்ட இடத்தில் தவிலும் நாதஸ்வரமுமாகக் கொஞ்சம் துள்ளலான ஒன்றைப் போட்டேன். நாலு நிமிஷம் ஐம்பது நொடி. ஒன்பது நொடி அதிகம், கணக்கு உதைத்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மூணரைக்கு அவள் மாடிப்படி ஏறும்போது என் அறைக் கதவைத் தள்ளித் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

“சார், இன்னைக்கு ரெண்டு பக்கமும் குடிச்சான்.”